நடு மொட்டு

ஜெயகிருஷ்ணனுக்கு ஹிந்தி தெரியும் என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் அவருக்குக் கோபம் வரும். தெரிவதாவது! கரைகண்டவர். அமைச்சகத்தில் இருந்த முப்பத்தாறு வருஷத்தில், செப்டம்பர் மாத ஹிந்தி விழாவில் கட்டுரைப் போட்டிக்கு நாலு தடவை பரிசு வாங்கியவர். அதுவும் உத்தரப் பிரதேசத்துக்காரர்களைத் தோற்கடித்து. மயூர் விஹாரில் அவர் குடியிருக்கும் சொசைட்டியில் பிளம்பரோடு சண்டை போடுவதென்றாலும் சரி, மின்சார ஆபீசுக்கு மனு எழுதுவதென்றாலும் சரி, தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் "ஜேகே சாரைக் கூப்பிடு" என்றுதான் சொல்லும். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ரிடையர் ஆனபின் அந்த சொசைட்டியில் ஐந்தாறு பேருக்குத் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. டெல்லிக் குளிரில் பூக்கிற சாமந்தி நம் ஊர் சாமந்தி மாதிரியா? குல்தாவதி என்பார்கள் இங்கே. ஒழுங்காக வளர்த்தால் ஒரு பூ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும். டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி பார்க்கில் போட்டி. ஜேகேவிடமும் ஆறு தொட்டி உண்டு, ஏதோ இருக்கும். ஆனால் ராஜா யாரென்றால் எதிர் பிளாக்கில் நாலாவது மாடி ராமசுப்ரமணியன். ரயில்வேயில் இருந்தவர், மனைவி போன பிறகு சாமந்தியோடுதான் பேச்சு. மூன்று வருஷமாக இரண்டாம் பரிசு. இந்த வருஷம் பன்னிரண்டு தொட்டி மஞ்சள். "இந்தத் தடவை எவனும் கிட்ட நிக்க முடியாது ஓய்" என்று ஜூலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் ஆரம்பத்தில் அவருடைய மச்சினருக்குத் திருச்சியில் சஷ்டியப்தபூர்த்தி வந்தது. பன்னிரண்டு நாள் போயாக வேண்டும். மொட்டு கட்டுகிற சமயம் பார்த்தா அறுபது வயசு ஆகும் ஒருத்தருக்கு! வீட்டுச் சாவியை ஜேகே கையில் கொடுத்துவிட்டுப் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஒவ்வொரு கிளை நுனியிலயும் நடுவுல ஒரு மொட்டு வரும், சுத்தி அஞ்சாறு குஞ்சு மொட்டு வரும். நடு மொட்டை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடும். அப்பதான் சத்து பூரா அந்த ஒரே பூவுக்குப் போகும். தண்ணி விடறதுக்கு கிர்தாரி வருவான். ஆனா கிள்ற வேலையை அவன்கிட்ட விடாதீர், நீரே பண்ணும்."

"இதெல்லாம் ஒரு வேலையா? போய்ட்டு வாரும் ஓய்."

வேலைதான். குஞ்சு மொட்டு கடலைப் பருப்பு அளவுக்கு வந்த அன்று காலையில் வெளியே புகை மூட்டம், ஜேகேவுக்குத் தொண்டைக் கட்டு, ராமசுப்ரமணியன் பிளாக்கில் லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை. ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனை வாயருகே வைத்து கிர்தாரிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். கிர்தாரி உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் பக்கத்து மாலி, தோட்டக்காரன். பதினைந்து வருஷமாக இந்த வீடுகளில் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறவன். ராமசுப்ரமணியன் வீட்டுச் சாவியை ஜேகே அவனிடமே கொடுத்து வைத்திருந்தார். அறுபதை நெருங்கின மனுஷன்தான், ஆனால் மாலி என்றால் நமக்கு "அவன்" தானே. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் எல்லோருமே அவனுக்குக் குரலில்தான் சேதி அனுப்புவார்கள்.

பத்து நிமிஷத்தில் கிர்தாரி போன் பண்ணினான். "சாப், நடு மொட்டையா? பக்காவா?"

ஜேகே சுடோகுவில் இருந்தார். ஒரு கட்டம் உதைத்துக்கொண்டிருந்தது. "சொன்னதைச் செய். பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறே, உனக்கு ஹிந்தி புரியாதா?" என்று ஹிந்தியில் பொரிந்தார். பதாயூன்காரனைப் பார்த்து நம் ஆள் கேட்கிற கேள்வி! "ஜீ சாப்" என்று அவன் வைத்துவிட்டான்.

திருச்சியிலிருந்து திரும்பிய ராமசுப்ரமணியன் பெட்டியைக்கூடத் திறக்காமல் பால்கனிக்குப் போனார். போட்ட சத்தத்தில் கீழே பார்க்கில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு தொட்டியிலும் நடு மொட்டு ஒன்றுகூட இல்லை. குஞ்சு மொட்டுகள் கொத்துக் கொத்தாக நின்றன. இனிமேல் பூத்தாலும் கோயில் வாசலில் முழம் போடுகிற பூதான்.

ஜேகேவையும் கிர்தாரியையும் கூப்பிட்டனுப்பினார். ஜேகே மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பார்த்தார். பார்த்ததும் வாயில் வந்தது இதுதான்: "ஐயையோ! மாடி ஏற முடியலேன்னு இவன்கிட்ட விட்டேன், ஆனா தெளிவா சொன்னேனே! இந்த முட்டாள் மாத்திப் பண்ணிட்டானே!" அந்த நிமிஷம் அவர் அதை உண்மை என்றே நம்பினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"சாப்தான் இப்படிச் சொன்னார்" என்றான் கிர்தாரி. "போன்ல இருக்கு." பைக்குள் கை விட்டான்.

"வாயாடாதே!" என்று ஜேகே அதட்டினார். அவன் கை பைக்குள்ளேயே நின்றது. ஜேகேவை ஒரு தடவை பார்த்தான். பிறகு வெறும் கையை வெளியே எடுத்தான்.

"தப்பும் பண்ணிட்டு ஜேகே சார் பேர்லயே பழி போடறியா?" ராமசுப்ரமணியன் கத்தினார். "நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே." அவர் சொன்னதைக் கேட்டு மற்ற வீடுகளும் நிறுத்திவிட்டன. வாட்ச்மேன்கூட அவனை உள்ளே விடக் கூடாது என்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்த ஜேகே நேரே பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அந்த மெசேஜைத் தேடிப் போட்டார். அவர் குரல்தான். தொண்டைக் கட்டோடு, கம்பீரமாக: "பீச்வாலி கலீ தோட் தேனா, பாக்கி சப் சோட் தேனா." தோட் என்றால் பறி, சோட் என்றால் விட்டுவிடு. நடு மொட்டைப் பறித்துவிடு, மற்றதை எல்லாம் விட்டுவிடு என்று திருத்தமாகச் சொல்லியிருந்தார். நாலு பரிசு வாங்கின நாக்கு. காது மடலெல்லாம் சுட்டது அவருக்கு. மறுபடி போட்டுப் பார்த்தார். அதேதான்.

அப்போதே எதிர் பிளாக்குக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் அவருக்கும் ஆறு தொட்டி இருக்கிறதே! வாய் தவறிவிட்டது என்றால் நம்புவார்களா, போட்டிக்கு வேண்டுமென்றே பண்ணினான் என்பார்களா? அப்படியே நம்பினாலும், அந்தக் குரலை சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டு ஊர் பூரா கேட்டுச் சிரிக்குமே. கிர்தாரி போனிலிருந்தும் சேர்த்து அதை அழிக்கப் பார்த்தார், நாளாகிவிட்டதால் முடியவில்லை. தன் போனிலிருந்து மட்டும் அழித்தார். கிர்தாரி போனில் அது இருந்தது. இருக்கிறது என்ற நினைப்பே அவருக்குச் சோறு இறங்க விடவில்லை.

போட்டியும் வந்தது. ராமசுப்ரமணியன் தொட்டியே வைக்கவில்லை. முதல் பரிசு யாருக்கு? சாட்சாத் ஜெயகிருஷ்ணனுக்கு. ராமசுப்ரமணியன்தான் முதல் ஆளாகக் கை தட்டினார், கட்டிக்கொண்டார், "நமக்குள்ளயே வந்துதே ஓய், அது போதும்" என்றார். ஜேகே கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்ததும் அதை மனைவி கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். ருக்மிணி அதைக் கண்டுபிடித்து ஷோகேஸில் வைத்தாள்.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் ஷாலைச் சுற்றிக்கொண்டு கிர்தாரியைத் தேடிப் போனார். மெட்ரோ ஸ்டேஷனைத் தாண்டி ரோட்டோர நர்சரி ஒன்றில் தினக்கூலிக்கு மண் கலந்துகொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "நமஸ்தே சாப்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். கேட்கவும் செய்தார். "தப்பு என்னோடதுதான் கிர்தாரி. வாய் மாறிப்போச்சு. ராம் சாப்கிட்ட நானே சொல்லிடறேன். திங்கக்கிழமை வந்துடு, எல்லா வீட்டுலயும் சேர்த்துக்குவாங்க."

கிர்தாரி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. "நான் அப்பவே நினைச்சேன் சாப், பெரியவர், வருவார்னு. அதான் யார்கிட்டயும் போட்டுக் காட்டல."

அதோடு திரும்பியிருக்கலாம். படுபாவி மனசு விடவில்லை. "அந்த மெசேஜ்... நானேதான் சொல்லப் போறேனே. இனிமே அது எதுக்கு?"

கிர்தாரி ஒரு நிமிஷம் யோசித்தான். போனைத் துணியில் துடைத்து நீட்டினான். "எனக்கு அழிக்கத் தெரியாது சாப். நீங்களே பண்ணிடுங்க."

ஜேகே வாங்கி, கட்டை விரலால் அழுத்தி அழித்தார்.

அன்று சாயங்காலமே ராமசுப்ரமணியன் வீட்டுக்குப் போனார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. உட்காராமலே சொன்னார். ராமசுப்ரமணியன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீரா? நீர் சோட்டுக்கும் தோட்டுக்கும் தடுமாறினீரா? வேற எவன் சொன்னாலும் நம்புவேன் ஓய்!"

"சத்தியமா. வாய்ஸ் மெசேஜ்ல சொன்னேன்."

"எங்கே, போடும் பாப்போம்."

"அழிச்சுட்டேன்."

"கிர்தாரி போன்ல இருக்குமே?"

"அதையும் நான்தான் அழிச்சேன்."

ராமசுப்ரமணியன் சிரிப்பை நிறுத்தினார். ஜேகேவையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவன் வந்து உம்மகிட்ட அழுதானாக்கும். ஒரு மாலியோட பொழைப்புக்காக, இருக்கற பேரையெல்லாம் கெடுத்துண்டு பழியைத் தலையில போட்டுக்கறீரே. உம்ம மாதிரி மனசு எனக்கு வராது."

"ராமு, நான் சொல்றதைக் கேளும்! நான்தான்..."

"போதும் ஓய். ஆனா அவனை நான் சேத்துக்க மாட்டேன். தப்பு பண்ணினான், பொறுத்துக்கலாம். உம்ம பேர்லயே பொய் சொன்னான் பாரும், அதை மட்டும் பொறுக்க முடியாது."

ஜேகே கத்தினார், கெஞ்சினார், முருகன் மேல் ஆணை என்றார். கத்தக் கத்த அவர் பெருமைதான் ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டுக்கு வந்தபோது ருக்மிணி போனும் கையுமாக வாசலுக்கே வந்தாள். "ஏன்னா, ராமு சார் குரூப்ல உங்களைப் பத்தி எழுதியிருக்கார், பாருங்கோ. எல்லாரும் கை கூப்பிண்டே இருக்கா!" அவர் பார்க்கவில்லை. ரஜாயைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை காலை கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டான். மாலி வந்து நிற்கிறானாம், நீங்கள் வரச் சொன்னதாகச் சொல்கிறானாம். ஜேகே ஸ்வெட்டர் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கிர்தாரி சலவைச் சட்டை போட்டிருந்தான். களைக்கொத்தும் கத்தரியும் பையில் இருந்தன.

"சொல்லிட்டீங்களா சாப்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

ஜேகே தொண்டையைச் செருமினார். "நம்ப மாட்டேங்கறார் கிர்தாரி."

கிர்தாரி கேட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பதினைந்து வருஷம் தண்ணீர் விட்ட பால்கனிகள். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி மட்டும் கேட்டான்.

"அந்த மெசேஜ் இருந்திருந்தா நம்பியிருப்பார், இல்ல சாப்?"

"ஆமாம்" என்றார் ஜேகே.

கிர்தாரி தலையை ஆட்டிக்கொண்டான். பையை சைக்கிள் ஹேண்டிலில் மாட்டினான். போகும்போதும் "நமஸ்தே சாப்" சொல்லிவிட்டுத்தான் போனான்.