எங்கள் குளியலறைமேல் விழுந்த பழி

எங்கள் வீட்டுக் குளியலறையில் யாராலும் வழுக்கி விழ முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. முதலில், விழுவதற்கு அங்கே இடமே கிடையாது. கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும். குனிந்து சோப்பை எடுத்தால் தலை கதவில் முட்டும். அதோடு, தினமும் காலையில் தேய்த்துக் கழுவி, துணி போட்டுத் துடைத்து, காயவிட்டுவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன். அப்படிப்பட்ட குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டதாக என் வீட்டுக்காரர் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினேன்.

முடி வெட்டுவது என் தொழில். போன் வந்தபோது ஒரு அம்மாவின் தலையில் பாதி வெட்டியாகிவிட்டது, பாதி மிச்சம். இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண் பேசினார். நீங்கள் கொடுத்த நஷ்டஈட்டு மனுவில் வேலையில் அடிபட்டதாக இருக்கிறது, ஆனால் உங்கள் கணவர் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம், காலையில் வீட்டுக் குளியலறையில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறாரே, இதில் எது உண்மை என்று கேட்டார். நேரில் வந்து பார்க்கப்போவதாகவும் சொன்னார். வாங்க, தாராளமா வாங்க என்றேன். அந்த அம்மாவின் மீதித் தலையை எப்படி வெட்டினேன் என்று எனக்கே தெரியாது. நல்லவேளை, அவர் கண்ணாடி போடாமல் வந்திருந்தார்.

இவருக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் அடுக்குகிறவர். மேலே ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களின் காலுக்குக் கீழே தாழ்வாக ஒரு அறை இருக்கிறது. அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டிபோட்டுத்தான் நகர வேண்டும், முட்டிபோட்டுத்தான் தூக்க வேண்டும். வாசல் பக்கம் ஒருவர், உள்ளே கோடியில் ஒருவர். வெளிச்சமும் போதாது, வெளியே இன்ஜின் சத்தம் வேறு. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். வாசலில் இருப்பவர் பெட்டியைத் தள்ளுவதற்கு முன்னால் "வருது" என்பார். உள்ளே இருப்பவர் "வரட்டும்" என்ற பிறகுதான் கையை விடுவார்.

வாசலில் இருப்பவர் நெட்டை அண்ணன். உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். அவ்வளவு உயரமான மனிதர் உலகத்தில் வேறு வேலையே கிடைக்காத மாதிரி இந்த வேலைக்கு வந்து, பத்து வருடமாகத் தன்னை நாலாக மடித்துக்கொண்டு அந்த வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறார். இவரும் அவரும்தான் எப்போதும் ஜோடி.

இந்த வருது, வரட்டும் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. எங்கள் சமையலறைச் சுவரில் கூடத்தைப் பார்த்தபடி சின்னதாக ஒரு திறப்பு உண்டு. தட்டை வைத்து அந்தப் பக்கம் தள்ளினால், அதற்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இவர் வாங்கிக்கொள்வார். நான் "வருது" என்பேன். இவர் "வரட்டும்" என்பார். டிவியில் கண் இருந்தாலும் வாய் சொல்லும், கை தானாக மேலே போகும். ஒருமுறை தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதே வரட்டும் என்றார். யார் வந்தார்கள் என்று நான்தான் எழுந்து பார்த்தேன்.

அடிபட்ட அன்று நெட்டை அண்ணன்தான் தோளில் தாங்கி இவரை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். விட்டவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டேன். பெட்டி ஒன்று இடித்துவிட்டது, ஒண்ணுமில்லை என்றார் இவர். இவர் அகராதியில் எல்லா வலிக்கும் அந்த ஒரே வார்த்தைதான். விடிவதற்குள் முட்டி வீங்கி, பேன்ட் ஏறவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் கால் ஒழுங்காக மடங்கும் என்றார். அந்தச் செலவு எங்கள் கைக்கு எட்டாதது. வேலையில் பட்ட அடிதானே, கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் நான் மனு கொடுத்தேன். இவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம பாத்ரூம் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

திருதிருவென்று விழித்தார். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எப்பேர்ப்பட்டவரும் என்னிடம் மனதைத் திறந்துவிடுவார்கள், இவரைத் தவிர. துருவித் துருவிக் கேட்ட பிறகு பாதிதான் வந்தது. நெட்டை அண்ணன்மேல் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கிறதாம். யாரோ ஒரு பயணியின் குழந்தைத் தள்ளுவண்டியைக் கீழே போட்டுவிட்டார் என்று. இன்னொன்று எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவருக்கு இரண்டு பெண்கள், படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பழியை எடுத்துக் குளியலறைமேல் போட்டிருக்கிறார்.

அப்படியானால் அவர் சொல்லாமல்கொள்ளாமல் தள்ளிவிட்டாரா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனு தள்ளுபடியானால் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லையென்றால் கால் மடங்காது. கால் மடங்காதவருக்கு அந்த வேலையும் கிடையாது என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தேன். பார்த்துக்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உட்கார்ந்து அழக்கூட அங்கே இடமில்லை, நின்றபடியேதான் அழுதேன்.

இன்சூரன்ஸ் அதிகாரி சொன்னபடி வந்தார். லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டதால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். என் முட்டியும் அவ்வளவு நல்லதில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். திறப்புக்கு அடியில் இருந்த நாற்காலியை எடுத்து, காற்று வரும் பக்கமாகப் போட்டு அவரை உட்காரவைத்தேன். இவர் எதிர்ச் சோபாவில் காலை நீட்டி ஸ்டூல்மேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்.

முதலில் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. நான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் பருத்த உடம்பு அவருக்கு. உள்ளே போனவர் திரும்பமுடியாமல், போனபடியே பின்னால் நடந்து வெளியே வந்தார். செருப்பால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இவரைக் கூப்பிட்டு, எப்படி விழுந்தீர்கள் என்று காட்டச் சொன்னார். இவர் ஊன்றுகோலோடு உள்ளே போய், இந்தப் பக்கம் சாய்ந்தார், சுவர் தாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தச் சுவரும் தாங்கிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"எப்படியோ விழுந்துட்டேன் மேடம்" என்றார்.

அதிகாரி கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நான் சமையலறைக்குப் போனேன். இந்த மனிதரை இனி ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே காப்பி கலந்தேன். கோபத்தில் எதுவும் யோசிக்கவில்லை. எப்போதும்போலத் தட்டைத் திறப்பில் வைத்து "வருது" என்றேன். எப்போதும்போல அந்தப் பக்கமிருந்து "வரட்டும்" என்று குரல் வந்தது. தள்ளிவிட்டேன்.

அந்தப் பக்கம் நாற்காலியும் இல்லை, ஆளும் இல்லை. தட்டும் டம்ளரும் தரையில் விழுந்த சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அதிகாரியின் செருப்பு வரைக்கும் காப்பி ஓடியிருக்கிறது. நல்லவேளை, கால்மேல் படவில்லை. இவர் சோபாவில் கையை மேலே தூக்கியபடி, வராத தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்கதானே வரட்டும்னு சொன்னீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா மேடம். வாய் தானா சொல்லிடுது. அன்னிக்கும் இப்படித்தான்…"

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. என்றைக்கு என்று மெதுவாகக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பத்துப் பதினைந்து வருடக் குடித்தனத்தில் இவர் முகம் இப்படிச் சின்னதாகி நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் வந்தது. அன்றைக்கு முட்டியில் கட்டும் பட்டை கணுக்கால் வரை நழுவிவிட்டதாம். பக்கவாட்டில் திரும்பி அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அண்ணன் வருது என்றிருக்கிறார். இவர் நிமிர்ந்தே பார்க்காமல் வரட்டும் என்றிருக்கிறார். கனமான பெட்டி. நேராக வந்து மடித்திருந்த முட்டியின் பக்கவாட்டில் இடித்திருக்கிறது.

"அவர் கேட்டாரு, நான்தான் வரச் சொன்னேன். நானே செஞ்ச தப்புக்கு எப்படி மேடம் நஷ்டஈடு கேக்கறது? அவரை எப்படிக் கைகாட்டறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணனைக் காப்பாற்றியது பாதிதான். மீதிப் பாதி வெட்கம். இத்தனை நாள் அதை அந்த வீங்கின முட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் பக்கத்திலேயே இருந்து திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி காலை நீட்டித் தன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தப்பு யார் பேர்லன்னு கண்டுபிடிக்க நான் வரலை. அடி எங்க பட்டுச்சு, வேலை நேரத்துலயா, அவ்வளவுதான் என் கேள்வி. அந்த இருட்டுல குனிஞ்சு கிடக்கறப்ப வாய் முந்திக்கறதும் அந்த வேலைல நடக்கறதுதான். இதுக்கு நஷ்டஈடு இல்லன்னா வேற எதுக்கு?"

ஆனால் முதலில் சொன்னதை மாற்றுவதால், கூட இருந்தவரும் சொல்ல வேண்டும் என்றார். இவர் முடியவே முடியாது என்று தலையாட்டினார். நான் இவரைக் கேட்கவில்லை. நெட்டை அண்ணனுக்கு நானே போன் செய்தேன். எச்சரிக்கை விஷயம் எனக்குத் தெரியும், அதனால் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொன்னேன். இதோ வரேன் தங்கச்சி என்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தவர், சீருடையோடு அப்படியே வந்து, நிலைப்படியில் குனிந்து உள்ளே நுழைந்தார்.

அதிகாரி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "தப்பு என்னுதுதான் மேடம். வருதுன்னேன், பதிலுக்குக் காத்திருக்கல. சொல்லும்போதே கை விட்டுடுச்சு."

"அண்ணே, நான் வரட்டும்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தான் விட்டீங்க."

"எனக்கு எதுவும் கேக்கல தம்பி. அதான் இத்தனை நாளா உன் மூஞ்சில முழிக்க முடியாம சுத்திக்கிட்டு இருக்கேன்."

"சொன்னேண்ணே. நல்லா சத்தமாவே சொன்னேன்."

"சொல்லியிருக்கலாம். நான் விட்டப்புறம் சொல்லியிருப்ப."

பழியை இவர் தன் பக்கம் இழுக்க, அவர் தன் பக்கம் இழுக்க, ஓட்டலில் பில் கொடுக்கச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் பேசி முடிங்க. அதுவரைக்கும் நான் காப்பி குடிக்கறேன்" என்று என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நானே கையில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

போகும்போது வாசலில் நின்று, உங்கள் குளியலறைமேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடட்டுமா என்று கேட்டார் அதிகாரி. கண்டிப்பாக எழுதுங்கள் என்றேன். எழுதினாரா என்று தெரியாது. மனு ஏற்கப்பட்டது. நெட்டை அண்ணனைக் கூப்பிட்டு மேற்பார்வையாளர் அரைமணி நேரம் காய்ச்சி எடுத்துவிட்டு, எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார். இவர் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு அந்தத் திட்டை அவர் எங்கள் வீட்டில் நடித்தே காட்டினார். கால் தரையில் பரவ, தலை சுவரில் இடிக்க அவர் நடித்ததைப் பார்த்து இவர் தையல் பிரியப்போகிறது என்று கெஞ்சும் அளவுக்குச் சிரித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்குகிறது. தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்கிறார், நான் பக்கத்தில் நின்று அதட்டுகிறேன். வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கிறது என்கிறார். அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்பதற்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பிப் போனதும் முட்டிபோடாத வேலையாக, பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் இடத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து காப்பி கலந்தேன். தட்டைத் திறப்பில் வைத்து "வருது" என்றேன். பதில் வரவில்லை. ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தேன். சோபாவிலிருந்து எழுந்து, அவசரப்படாமல் நடந்து வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையாலும் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திறப்பு வழியாக என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப வரட்டும்" என்றார்.

நான் உடனே கையை விடவில்லை.