இரும்பு வில்

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில், விஜயதசமியன்று அம்பு போடும் உரிமை கந்தப்பண்ணனுடையது. மாரியம்மன் கோயில் முன்னால் வாழை நட்டு, ஒரே அம்பில் அதைக் குத்த வேண்டும். குறி தப்பினாலோ, அம்பு மனித ரத்தம் பார்த்தாலோ உரிமை தம்பிக்குப் போய்விடும். அதோடு சேர்ந்த கோயில் காடும் போய்விடும். கந்தப்பண்ணனுக்கு வேறு ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தக் காட்டுச் சோளம்தான் சோறு.

அவர் கண்ணில் பூ விழுந்து இரண்டு மூன்று வருஷமாகியிருந்தது. வெளியே சொன்னால் ஊர் சும்மா விடுமா? அவர் மனைவி ஆத்தாயிதான் வழி கண்டாள். அம்பு விடும்போது பெண்கள் குலவை போடுவது வழக்கம். மற்றவர்கள் ஓரமாக நிற்க, இவள் மட்டும் வாழைக்கு நேர் பின்னால் ஒட்டி நின்று குலவையைத் தொடங்குவாள். அந்தக் குரலைக் குறி வைத்து அவர் விடுவார். மூங்கில் வில்லின் அம்பு தண்டில் பாதி ஏறுவதே பெரும்பாடு; அவளுக்கு ஆபத்தில்லை. அங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டவர்களிடம் பிள்ளை வரத்துக்கு வேண்டுதல் என்றாள். ஊர் நம்பியது. உண்மையைத் தவிர மற்றதையெல்லாம் நம்புகிற ஊர் இது.

தம்பி சின்னுசாமி மட்டும் நம்பவில்லை. ஒரு வருஷம் ஆத்தாயிக்குத் தொண்டை கட்டிக் குலவை கம்மலாக வந்தது. அம்பு தண்டின் ஓரத்தில்தான் பட்டது. அதைக் கவனித்துக்கொண்டான், படுபாவி. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் சேலத்தில், சீமைக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு இரும்பு வில் எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தான். பழைய மூங்கில் உளுத்துவிட்டது, நம் குடும்பத்துக்கு இதுதான் கௌரவம் என்று தேனொழுகப் பேசினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாழையையும் தன் தோட்டத்திலிருந்தே வெட்டித் தருவதாகச் சொன்னான்.

ஆத்தாயிக்கு மனசு ஒப்பவில்லை. பழையதே போதும் என்று கெஞ்சினாள். "ஏனுங்க மாமா, உங்க தம்பி எதுக்கு இப்ப நம்மளுக்குச் செலவு பண்ணோணும்?"

வேண்டாமென்றால் வில்லை இழுக்கத் தெம்பில்லை என்பார்கள், அப்புறம் கண்ணையும் சோதிப்பார்கள் என்பது அவர் பயம். ரோஷம் வேறு. "பேசாம இரு புள்ள. தம்பி மதிச்சுக் குடுக்கறான்" என்றார். அந்த வில்லில் அவர் ஒரு அம்புகூட விட்டுப் பார்க்கவில்லை. கண் தெரியாதவர் எங்கே போய்ப் பழகுவது? சின்னுசாமி பழகியிருந்தான். அவன் தோட்டத்து வாழைகளில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த ஓட்டைகளை நாங்கள் பிறகுதான் பார்த்தோம்.

விஜயதசமியன்று அவன் நட்ட வாழை இளசு, கைத் தடிமன்தான் இருக்கும். ஆத்தாயி வழக்கம்போல அதன் பின்னால் ஒட்டி நின்றாள். மேளம் நின்றது. அவள் குலவை கணீரென்று எழுந்தது. அண்ணன் நாணை இழுத்து விட்டார்.

அம்பு தண்டைத் துளைத்துக்கொண்டு போனது. குலவை பாதியில் அறுந்தது. ஆத்தாயி வாழையைக் கட்டிப் பிடித்தபடி சரிந்தாள். கூடக் குலவை போட வாய் திறந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஆண்கள் நாங்களும்தான் மரம்போல நின்றோம்.

"பட்டுருச்சா?" என்றார் கந்தப்பண்ணன், எங்கேயோ பார்த்து.

சின்னுசாமி பக்கத்தில் போய் அவர் கையிலிருந்த வில்லைப் பதனமாக வாங்கிக்கொண்டான். "பட்டுருச்சுங்கண்ணா. நடுத்தண்டுல."

அண்ணன் முகம் மலர்ந்தது. வாழை இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"காடு நம்மளுக்குத்தான் புள்ள," என்றார். "ஏன் நிறுத்திட்ட? நல்லாக் குலவை போடு."