ஆனந்தக் கண்ணீர் என்று போட்டார்கள்

டிப்போவில் தன் பஸ்ஸில் ஏறப் போன கண்டக்டரம்மா, அதன் முதுகில் தன் முகத்தையே கண்டாள். ஆளுயரப் போஸ்டர். முதல்வரின் கை அவள் தோளில். அவள் கன்னத்தில் கண்ணீர். கீழே கொட்டை எழுத்தில், ‘வீடு தந்த தலைவனுக்கு ஒரு தாயின் ஆனந்தக் கண்ணீர்.’ சட்டசபைத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது.

கண்ணீர் நிஜம். மற்றதெல்லாம் வடிகட்டின புளுகு. போன மழையில் அவள் வீட்டுச் சுவர் சரிந்து, ஆட்கள் பிழைத்ததே மறுபிறப்பு. நிவாரண முகாமில் ஈரத்துணியோடு அவள் அழுதுகொண்டிருந்தபோது முதல்வர் வந்தார், தோளைத் தொட்டார், “நான் இருக்கேம்மா” என்றார். அவளும் நம்பினாள். அன்றிலிருந்து கணவனும் இரண்டு பெண்களுமாக நாத்தனார் வீட்டுப் பின்னறையில், காலை நீட்டினால் பீரோ இடிக்கிற பிழைப்பு.

சின்ன மாநிலம், முப்பதே தொகுதி. முதல்வரைப் பிடிக்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று பஸ்ஸில் ஏறினவர்களெல்லாம், “யோகக்காரிக்கா நீங்க! புது வீட்டுக்கு எப்போ கூப்பிடப் போறீங்க?” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தாள்.

மறுநாள் லீவு போட்டு வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா, வீட்டுக்குப் பதிந்தவர்களின் பட்டியலைப் புரட்டினார்.

“உங்க பேரை எடுத்தாச்சேம்மா. வீடு கிடைச்சிருச்சுன்னு எழுதியிருக்கு.”

“யார் சொன்னது?”

அவர் பேனாவால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். எதிர்ச்சுவரிலும் அவளே அழுதுகொண்டிருந்தாள்.

“செவுத்துல ஒட்டினா வீடு வந்துடுமா? சாவி எங்கய்யா?”

“கத்தாதீங்கம்மா. எலெக்‌ஷன் முடியட்டும்.”

கணவன் வெல்டிங் பட்டறைக்காரன். முதல்வர் பேரைச் சொன்னாலே எழுந்து நிற்கிற ரகம். “அவருக்குத் தெரிஞ்சா இப்படி நடக்குமா? எல்லாம் கீழ இருக்கறவன் பண்ற வேலை. ஜெயிக்கப் போறவரைப் பகைச்சுக்காத, சும்மா இரு.”

“என் மூஞ்சி, என் கண்ணீர். நான் ஏங்க சும்மா இருக்கணும்?”

விடிந்ததும் டிப்போவுக்குப் போய், மெக்கானிக்கின் இரும்புச் சுரண்டியை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, நெற்றி முதல் மோவாய் வரை தன் முகத்தை மட்டும் சுரண்டி எறிந்தாள். பெயின்டும் சேர்ந்து உரிந்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

“அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினதா எழுதுவேன்!”

“எழுதுங்க சார். இடிஞ்சு போன என் சொத்தையும் சேர்த்து எழுதுங்க.”

ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். ஓட்டுச்சாவடியில் அவள் முதல்வருக்கு எதிராகக் குத்தினாள். ஓட்டு எண்ணின அன்று, முப்பதில் இருபத்தேழு இடம் அவருக்கே. கணவன் வாய் கொள்ளாச் சிரிப்போடு வந்தான்.

“நீங்க யாருக்குப் போட்டீங்க?”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். “அவருக்குத்தான். உன் விஷயம் வேற, ஓட்டு வேற.”

“என் விஷயமா? அந்தச் செவுத்துக்கு அடியில நீங்களும்தான படுத்திருந்தீங்க!” “நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வந்து, வீடு கிடைக்கலேன்னு உங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க.”

மறுநாள் அலுவலகத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு, “கிடைக்கலை சார்” என்றான். அவள் மேஜையை விட்டு அசையவில்லை. “எழுதிக் குடுங்க” என்று ஒரே பிடியாக மூன்று மணி நேரம் நின்றாள். கடைசியில் குமாஸ்தா பெயரைத் திரும்பச் சேர்த்து, முத்திரை குத்தி, ரசீதை நீட்டினார். வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.

பஸ் நிறுத்தத்தில் கணவன் ரசீதை வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தான். “பாத்தியா? ஜெயிச்ச மறுநாளே வேலை நடக்குது. தலைவர் ராசி!”

அவள் ரசீதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவன் படியில் கால் வைப்பதற்குள், உள்ளே நின்ற கண்டக்டரிடம் சொன்னாள்:

“இவர் வரல தம்பி. ரைட் போடு.”