ஆண்டின் சிறந்த குடிமகள்

நோலீன் நர்ஸாக வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டுக்கே நகராட்சித் தலைவர் பிரையன் ஹாலரன் வந்து செய்தியைச் சொன்னார். இந்த ஆண்டின் சிறந்த குடிமகள் அவள்தானாம். ஜனவரி இருபத்தாறாம் தேதி, ஓடைக்கரைப் பூங்காவில் நடக்கும் தேசிய தின விழாவில் விருது.

"அந்தத் தேதியில விழா வேண்டாம்னு அஞ்சு வருஷமா மனு குடுக்கறவளே நான்தானே பிரையன்?"

"அதனாலதான் நோலீன். மேடையில நின்னு நீங்களே சொல்லுங்க. ஊரே கேட்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடமாக வரிங்கா ஊரில் பாதிப் பேருக்கு ஊசி குத்தியவள். தான் பேசினால் காது கொடுப்பார்கள் என்று நம்பினாள்.

தம்பி டார்சிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நம்ம பூர்வகுடிச் சனத்தக் கொன்னு இந்த நாட்டப் புடிச்ச வெள்ளைக்காரன் வந்து எறங்குன நாள் அது. அன்னிக்குப் போய் மெடல் மாட்டிக்கப் போறியாக்கா? கேக்குக்கு மேல வைக்கிற செர்ரிப் பழம் நீ. அவ்ளோதான்."

"வீட்டுக்குள்ள உக்காந்து திட்டிக்கிட்டே இருந்தா மட்டும் தேதி மாறிடுமாடா?"

"போ. போய்ப் பட்டாத்தான் தெரியும் உனக்கு."

விழாவன்று நல்ல வெயில். தொத்திறைச்சி வறுக்கும் புகை, கன்னத்தில் கொடி வரைந்த குழந்தைகள். மேடைக்குப் பக்கத்தில் பிரையன் அவள் காதருகே குனிந்தார். "மூணு நிமிஷம். கொஞ்சம் இதமா முடிச்சிருங்க, என்ன?"

அவள் இதமாக முடிக்கவில்லை. "அதோ, பிள்ளைங்க சறுக்கி விளையாடுதே, அந்த ஓடைத் திருப்பத்துலதான் எங்க ஆளுங்கள்ல இருபத்து மூணு பேரை அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க சுட்டுக் கொன்னாங்க. அதுல ஏழு பேர் குழந்தைங்க. உங்க கொண்டாட்டத்த நிறுத்தச் சொல்லல. வேற நாள்ல வச்சா நாங்களும் வருவோம். இந்த நாள் எங்களுக்குத் துக்க நாள்."

கூட்டத்தில் சிலர் அந்தத் திருப்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம், சொன்னது உள்ளே போய்விட்டது என்றே நினைத்தாள். அதற்குள் பிரையன் பலமாகக் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

"ரொம்ப உருக்கமாப் பேசினாங்க! அடுத்து, நீங்க எல்லாரும் காத்திருந்த செருப்பைத் தூரமா எறியும் போட்டி!"

சிரிப்பும் விசிலுமாகக் கூட்டம் கலைந்தது. பிரையன் அவள் தோளில் கைபோட்டார். படம்பிடிப்பவன், "இங்க பாருங்க" என்றான். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பழகிய முகம். அதுவாகச் சிரித்துவிட்டது.

அக்டோபரில் தேதியை மாற்றும் தீர்மானம் நகராட்சிக்கு வந்தது. ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் ஆதரவு என்று நோலீன் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள். ஐந்தாவது ஆள் ஜூடித் க்ரேக். கணவர் சாகும்வரை நோலீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். அந்த ஜூடித்தான் எழுந்து, பத்திரிகையில் வந்த விருது விழாப் படத்தை உயர்த்திக் காட்டினாள்.

"பாருங்க, எவ்வளவு சந்தோஷமா நிக்கறாங்க! எல்லாரும் ஒண்ணாத்தானே கொண்டாடறோம்? இதைவிட நல்லிணக்கம் வேற என்ன வேணும்?"

நோலீன் எழுந்துவிட்டாள். "நான் அங்க என்ன பேசினேன்னு சொல்லு ஜூடித். நீ முன்வரிசையில உக்காந்திருந்தியே!"

"பார்வையாளர்கள் பேச அனுமதி இல்ல" என்றார் பிரையன், அவள் பக்கம் திரும்பாமலே.

தீர்மானம் நான்குக்கு ஐந்து என்று தோற்றது.

வெளியே டார்சி நின்றிருந்தான். கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"சொல்லிடுடா. அப்பவே சொன்னேன்ல, கேட்டியான்னு கேளு" என்றாள் நோலீன்.

அவன் கேட்கவில்லை. "கார் சாவியக் குடுக்கா. நான் ஓட்டறேன்" என்றான்.

ஜனவரி பிறந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நகராட்சியின் விளம்பரம் ஒட்டப்பட்டது. 'ஒன்றாய்க் கொண்டாடுவோம்' என்ற எழுத்துக்குக் கீழே, பிரையனின் கையணைப்பில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கிழித்தாள். மறுநாள் புதிதாக ஒன்று இருந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாம் நாள், ஊசி போட்டுக்கொள்ள வந்த கிழவர் ஒருவர், "படத்துல அழகா இருக்கேம்மா" என்று மனசாரப் பாராட்டினார். அவள் ஊசியை எடுத்தாள்.

அந்த மாதம் முழுக்க, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தாள்.