ஆறாவது வரியில் அண்ணன் பெயர்

தேர்தல் அலுவலகத்தின் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போகுமுன் கைப்பேசியை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். உள்ளே பார்த்தது எதையும் வெளியே மூச்சுவிடக் கூடாது. டெல்ஃபினா போர்பா பதினான்கு வருஷமாக அந்த அறையில் கையெழுத்து சரிபார்த்து வந்தாள். மக்கள் மனுத்தாளில் போட்ட கையெழுத்தும் கணினித் திரையில் தெரியும் வாக்காளர் அட்டைக் கையெழுத்தும் ஒத்துப்போனால் ஒரு பொத்தான், இல்லாவிட்டால் இன்னொன்று. அவ்வளவுதான் வேலை.

அந்தக் குளிர்காலத்தில் வந்த மனு வேறு மாதிரி. ஆணாகத் தன்னை உணரும் மாணவன் ஆண்கள் கழிப்பறைக்குப் போகலாம், ஆண்கள் அணியில் விளையாடலாம் என்று மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. பெண்ணாக உணர்பவளுக்கும் அப்படியே. போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் அதை மக்கள் ஓட்டுக்கு விட வேண்டும்; அப்படி விட்டு ஒழித்துக்கட்டத்தான் இந்தக் கையெழுத்துகள். கலிபோர்னியா முழுக்க லட்சக்கணக்கில் வாங்கியிருந்தார்கள். டெல்ஃபினாவின் மேசைக்கு மட்டும் ஒரு நாளைக்கு முந்நூறு வந்தது.

அவள் மகன் தியாகோவுக்குப் பதினாறு வயது. பெண்ணாகப் பிறந்தவன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆண்கள் நீச்சல் அணியில் இருந்தான்.

அலுவலகத்தில் இது மேலதிகாரி வேராவுக்கு மட்டும் தெரியும். முதல் நாளே அவள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "வேணாம்னா சொல்லிடு, டெல்ஃபினா. உன்ன முன் கவுண்டர்ல போடறேன்."

"ஏன் மாத்துனீங்கன்னு எல்லாரும் கேப்பாங்களே. என்ன சொல்வீங்க?"

டெல்ஃபினா பின்னறைக்கே போனாள்.

தெரிந்த பெயர்கள் வரத்தான் செய்தன. பல் டாக்டர், தியாகோவுக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவள், பாதாம் தோப்புக்காரர். எல்லாம் சரியான கையெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்பதாம் நாள், ஒரு தாளின் ஆறாவது வரியில், ஜில்பெர்த்தோ போர்பா என்றிருந்தது. அவளுடைய அண்ணன்; எல்லோருக்கும் கில். வேலிக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை வைத்திருக்கும் ஒண்டிக்கட்டை.

இரண்டு வருஷத்துக்கு முன் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் அவருடைய வலது கை மாட்டி மூன்று விரல்கள் போயின. அப்போது தியாகோதான் தினமும் விடியலில் ஓடிப்போய் மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டு, கறவைக்குத் துணை நின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனான். நாலு மாசம். இடது கையால் எழுதப் பழக்கியதும் அவன்தான்.

மனுத்தாளில் இருந்தது அந்த இடதுகைக் கிறுக்கல். திரையில் இருந்ததோ பழைய வலதுகைக் கையெழுத்து. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொந்தக்காரர் கையெழுத்தைத் தானே பார்க்கக் கூடாது என்பது விதி. தாளை எடுத்துக்கொண்டு வேராவிடம் போனாள்.

"இது எங்கண்ணன். நீங்க பாருங்க."

வேரா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "ஒத்தே வரலியே. வேற எவனோ போட்டிருக்கான். தள்ளிடறேன்." விரல் பொத்தான்மேல் போய்விட்டது.

சும்மா நின்றால் போதும். மனுவில் ஒரு கையெழுத்து குறைந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு உண்மையான கையெழுத்தைக்கூட டெல்ஃபினா தெரிந்தே தள்ளியதில்லை.

"இருங்க. போன வருஷத் தபால் ஓட்டு உறை மேல இருக்கற கையெழுத்தத் தேடிப் பாருங்க. இப்ப இடது கையாலதான் போடறாரு."

வேரா தேடி எடுத்தாள். அதே கிறுக்கல். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வாயத் திறக்காம இருந்திருக்கலாம்ல நீ?"

"இருந்திருக்கலாம்."

வேரா ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினாள். டெல்ஃபினா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வழக்கம்போல் கில் வீட்டில் சாப்பாடு. தியாகோ மாமாவின் தட்டில் இருந்த மாட்டுக்கறியை வெட்டிக் கொடுத்தான்.

"மாமா, சனிக்கிழம போட்டி. வருவீங்கல்ல?"

"வராம? நான் போடற சத்தத்துல பக்கத்துல நீந்தறவன் தண்ணி குடிக்கணும்டா."

தியாகோ வாய்விட்டுச் சிரித்தான். டெல்ஃபினா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதில் எந்த மறைப்பும் தெரியவில்லை. அதுதான் அவளை அறுத்தது. ஏன் போட்டாய் என்று கேட்டால் வேலையின் சத்தியம் உடையும். கேட்காவிட்டால் ரொட்டியைப் பிட்டு அவருக்கே நீட்ட வேண்டும். நீட்டினாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. மாநில அளவில் செல்லுபடியான கையெழுத்துகள் போதவில்லை. சட்டம் அப்படியே இருக்கும். தியாகோ வேலியைத் தாண்டி ஓடி மாமாவைக் கட்டிக்கொண்டான். அவன் கன்றுகளைப் பார்க்கப் போனதும் கில் தங்கையிடம் வந்தார்.

"நீ அந்த ரூம்லதான இருந்த?"

"அதப் பத்தி என்னால பேச முடியாதுண்ணா."

"அப்ப பாத்திருக்க." அவர் தொப்பியைக் கழற்றினார். "மாதா கோயில் மண்டபத்துல சாமியாரே அந்த மனுவ வச்சுக்கிட்டு நின்னாரு, புள்ள. எனக்கு முன்னாடி நின்ன அத்தன பேரும் போட்டுட்டாங்க. நான் மட்டும் பேனாவத் திருப்பிக் குடுத்தா... எல்லார் கண்ணும் எம்மேலதான். கை தானா போட்டுடுச்சு. அன்னிலேர்ந்து தூக்கமில்ல."

தியாகோ போன பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்கிட்ட சொல்லிடுவியா?"

"நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாம்."

சொல்ல அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் பயிற்சி முடிந்து தன் வண்டியில் அழைத்துவரும்போது சொன்னார். தியாகோ ஈரத் தலையோடு வீட்டுக்குள் வந்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"மாமா கையெழுத்து போட்டிருக்காரும்மா."

டெல்ஃபினா அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தியாகோ..."

"தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"என்னால சொல்ல முடியாதுடா. எந்த மனுவப் பத்தியும், யாருகிட்டயும். சத்தியம் பண்ணிட்டுத்தான் அந்த வேலைல இருக்கேன்."

"மாமா சொல்லிட்டாரு. அழுதாரு, ஆனா சொல்லிட்டாரு." அவன் குரல் உடைந்தது. "நீ என் அம்மா."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவன் பின்னால் நகர்ந்தான். பிறகு மெதுவாக, சத்தமே இல்லாமல், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் அந்தக் கதவின் முன்னால் நின்றாள். சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. தட்டுவதற்குத் தூக்கிய கையைக் கீழே போடவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை.