யாக்கோபின் டில்லர்

லூர்தம்மாள் தன் மருமகனோடு பேசமாட்டாள். சண்டை என்று ஒன்றும் கிடையாது. வேளாவேளைக்குச் சோறு உண்டு, மீன் குழம்பு வைக்கிற அன்று நடுத்துண்டு அவன் தட்டுக்குத்தான் போகும். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை மகள் சத்யப்பிரியாவிடம் சொல்வாள். மகள் ஷிப்டுக்குப் போயிருந்தால் வாசலில் மேயும் கோழியிடம் சொல்வாள்.

"தே கோழி, சோறு போட்டு வெச்சிட்டேன். துன்றவங்க வந்து துன்னலாம்."

கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. மாரிராஜ் எழுந்து போய்க் கை கழுவுவான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் லாரி என்ஜின் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் பென்னலூர்ப் பெண், செல்போன் கம்பெனி லைனில் வேலை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்று நின்று பழகியவர்கள், ஒருநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்தைப் போட்டுவிட்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றார்கள். லூர்தம்மாள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. மகளைப் பார்த்து, "உள்ள வா, இட்டுகினு வா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை விஷயத்தில் அன்று மூடிய வாய்தான்.

ஊர் வேறு, ஜாதி வேறு, மதம் வேறு, அதனால்தான் என்று மாரிராஜ் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டு அவனும் பேசாமல் இருந்துவிட்டான். 'அத்தை' என்ற சொல் தொண்டைவரை வரும், அங்கேயே உட்கார்ந்துவிடும். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவனும் சத்யப்பிரியாவைத்தான் தூது அனுப்புவான். ஆனால் ஒரே ஒரு தடவை, தன் முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று பாவம், ஏங்கிப்போயிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால், ஒரு கம்பெனியின் மதில் சுவருக்கு இந்தப் பக்கம், லூர்தம்மாளுக்கு இன்னும் அரை ஏக்கர் மிச்சம் இருந்தது. கீரையும் வெண்டையும் போட்டு அக்கம்பக்கத்து ஹாஸ்டல் மெஸ்களுக்குக் கொடுப்பாள். அதை உழுதுகொண்டிருந்தது அவள் கணவர் யாக்கோபு வாங்கிப்போட்ட பவர் டில்லர், பின்னாலேயே நடந்துபோய் ஓட்டுகிற குட்டி உழவு வண்டி. யாக்கோபு காலமான பிறகு யார் யாரோ ஓட்டினார்கள். கரும்புகையாகக் கக்கிக் கக்கி ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

"என்ஜின் பண்றவங்க இந்த வூட்ல கீறாங்க. வூட்டு என்ஜின் மட்டும் ஓடல" என்று ஒரு காலையில் கோழிக்குச் செய்தி போனது.

வேறு யாராக இருந்தாலும் குத்தல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாரிராஜுக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது. வார லீவு வந்ததும் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டான்.

இங்கே ஓர் உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். மாரிராஜ் என்ஜின் செய்கிறவன் இல்லை. என்ஜின் அவனைத் தாண்டிப் போகும், அவ்வளவே. லைனில் அவனுக்கு ஒரு ஸ்டேஷன். ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தைப் பொருத்தி, மேலேயிருந்து தொங்கும் கன் என்கிற முறுக்கு மெஷினை இழுத்து போல்ட்டுகளை முறுக்கினால் பச்சை லைட் எரியும், அடுத்த என்ஜின் வந்து நிற்கும். தனக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போனாலும் வம்பு. அடுத்தவன் ஸ்டேஷனில் கை வைத்தால் சூப்பர்வைசர் மெமோ கொடுத்துவிடுவார். இதையெல்லாம் விவரிக்காமல், "என்ஜினே அவருதாம்மா பண்றாரு" என்று சத்யப்பிரியா அம்மாவிடம் அளந்துவைத்திருந்தாள்.

கழற்றுவதற்கு என்ன, யாரும் கழற்றலாம். பழைய எண்ணெயை வடித்துக் கொட்டினான். மனை விற்பனை ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, சாமான்களை அதன்மேல் பரப்பினான். வாலாஜாபாத் லேத் பட்டறையில் புது பிஸ்டன் வாங்கி, கிராங்க் தண்டையும் அங்கேயே பொருத்திக்கொண்டு வந்தான். அதற்குமேல் அவனுக்குக் கை ஓடவில்லை. ஃப்ளைவீலை மட்டும் பளபளவென்று துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பார்த்தபடி திருதிருவென்று விழித்தான். அடுக்களை ஜன்னலில் லூர்தம்மாளின் தலை தெரிந்து மறைந்தது.

கடைசியில் முன்னாள் ரூம்மேட்டுகள் சுடலையிடமும் அருள்பாண்டியிடமும் போய் நின்றான். இருவரும் அதே லைன். சுடலைக்கு பிஸ்டன், அருள்பாண்டிக்கு என்ஜினின் மேல்மூடியான ஹெட். "மூணு பேரும் சேந்தா லைன்தானல, இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு அலையுத?" என்றான் சுடலை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சத்யப்பிரியா அன்று ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். லூர்தம்மாள் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பின்பக்கம் தூக்கிப் போட்டு, கம்பெனியில் நிற்கிற அதே வரிசையில் நின்றுகொண்டார்கள். சுடலை ரிங்குகளை மாட்டி பிஸ்டனை இறக்கி "ஓகே" என்றான். அருள்பாண்டி இடையில் கேஸ்கெட் தகட்டை வைத்து ஹெட்டை முறுக்கி "ஓகே" என்றான். மாரிராஜ் ஃப்ளைவீலை ஏற்றி "ஓகே" என்றான். ஒருவன் வேலையில் ஒருவன் மூக்கை நுழைக்கவில்லை. இப்படி ஒழுக்கமான மூன்று பேரை எந்தச் சூப்பர்வைசரும் பார்த்திருக்கமாட்டார். என்ஜினை வண்டியில் ஏற்றித் தண்ணீர் நிரப்பினார்கள், டீசல் ஊற்றினார்கள்.

மாரிராஜ் ஹேண்டிலைச் செருகிச் சுற்றத் தொடங்கியபோது லூர்தம்மாள் பூசை முடிந்து வந்துவிட்டாள். கையில் ஜெபமாலையோடு பின்வாசலில் நின்று பார்த்தாள். பையன் சட்டை நனைந்து ஒட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிறான். என்ஜின் ஒரு தரம் தும்மியது. இன்னொரு தரம் தும்மி, வெள்ளையாகப் புகை விட்டது. இதோ பிடிக்கப்போகிறது என்று சுடலை குதித்தான்.

அப்போதுதான் அவள் கண் ஜன்னலுக்குக் கீழே போனது. முந்தாநாள் யாருக்கும் தெரியாமல் சுங்குவார்சத்திரம் வரை பஸ்ஸில் போய் அவளே வாங்கிவந்து வைத்த என்ஜின் ஆயில் டின், சீல்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கம்பெனியில் எண்ணெய் நிரப்புவது லைன் எல்லாம் முடிந்த பிறகு, கதவு சாத்திய ஓர் அறைக்குள், ஒரு மெஷின். இந்த மூன்று பேரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாக்கோபு இருந்தவரை இந்த வீட்டில் அந்த வேலை லூர்தம்மாளுடையது.

எண்ணெய் இல்லாமல் என்ஜின் ஓடத் தொடங்கினால் புது பிஸ்டனோடு எல்லாம் இறுகிப் போய்விடும். அவள் கோழியைத் தேடினாள். ஹேண்டில் போட்ட சத்தத்தில் அது எப்போதோ வேலி தாண்டியிருந்தது. மகளும் இல்லை. என்ஜின் மூன்றாவது தரம் தும்மியது.

"மாரிராஜு! நிறுத்து!"

அவன் கை அப்படியே நின்றது. தன் பெயர் அவள் வாயில் இருந்தது என்பதே முதலில் அவனுக்கு உறைக்கவில்லை.

"எண்ணெ ஊத்தாம ஓட்னா இன்னாத்துக்கு ஆவும் என்ஜின்? மூணு பேர் கீறீங்களே, ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எண்ணெய் யாருடைய ஸ்டேஷன் என்று மூவருமே யோசிப்பது தெரிந்தது. ஆனால் லூர்தம்மாள் அதோடு விடவில்லை. ஒரு வருஷமாகக் கட்டிவைத்தது, கரை உடைந்துவிட்டது. பைக்கைத் துணிக் கொடிக் கம்பத்தில் சாத்தி வைக்கிறானாம். முள் எடுக்கத் தெரியாமல் மீனை அளைகிறானாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஈரத் தலையோடு படுக்கிறானாம், யார் பேச்சையும் கேட்பதில்லையாம். யார் பேசினார்கள் கேட்பதற்கு என்று சுடலை முணுமுணுக்க, அருள்பாண்டி அவன் காலை மிதித்தான். மாரிராஜ் வாயெல்லாம் பல்லாகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு திட்டும் அவனுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

திடீரென்று அவள் குரல் இறங்கிவிட்டது.

"ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனியே, அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி என்னாண்ட வந்து கேட்டியா நீ? இந்த மாதிரி, உன் பொண்ணக் குடுன்னு ஒரு வார்த்த. கேட்டிருந்தா நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?"

மாரிராஜின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஊர் இல்லை, ஜாதி இல்லை, மதம் இல்லை. இந்த அம்மாள் இத்தனை நாளும் காத்திருந்தது இதற்குத்தானா? பக்கத்து அறையில் இருந்துகொண்டு, ஒரு வருஷமாகக் கேட்காமலேயே இருந்திருக்கிறோமே! கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"தப்புதான் அத்தை. பயந்துட்டேன். இப்பக் கேக்கேன். ஒங்க மகள எனக்குக் கட்டிக் குடுப்பியளா?"

லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டின்னை எடுத்து, சீலைப் பிரித்து, தானே ஊற்றினாள். அவன் புனலைப் பிடித்துக்கொண்டான். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, "ம், சுத்து" என்றாள்.

அவன் சுற்றினான். என்ஜின் தும்மியது, புகைந்தது, தடதடவென்று பிடித்துக்கொண்டது. பின்பக்கம் முழுக்க அதிர்ந்தது. சுடலையும் அருள்பாண்டியும் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். அந்த இரைச்சலுக்குள் லூர்தம்மாள் மாரிராஜைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அவன் அவசரமாக ஆக்சிலேட்டரைக் குறைத்தான்.

"என்ன அத்தை சொன்னீய?"

"கட்டிக்கோன்னேன்."