கப்பலில் இருக்கும் மாமா

1

இந்தக் கதை ஓர் உத்தரவில் பிறந்தது. எங்கள் கல்லூரி இதழின் ஆசிரியர் கடைசி வருட மாணவர். எதைப் பேசினாலும் ‘மொத்தத்தில்’ என்று தொடங்குவதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் என்னை வராந்தாவில் பிடித்துச் சொன்னார்:

“மொத்தத்தில், நீ புது ஏரியாவுக்குக் குடி போயிருக்க. அங்க இருக்கற கடைங்க, மனுஷங்க, இதைப் பத்தி எழுது. நெகிழ்ச்சியா இருக்கணும்.”

“நெகிழ்ச்சி வரலன்னா?”

“வர வை.”

ஆகவே தொடங்கினேன்.

புதிய தெருவின் மாலை வெயில் கடைக் கண்ணாடிகளில் பொன்னை உருக்கி—

(நிறுத்திவிட்டேன். நாங்கள் குடிவந்த அன்று மழை. வண்டியிலிருந்து இறக்கும்போது நனைந்த மெத்தையில் இன்றும் நனைந்த நாயின் வாசனை வருகிறது. பொன் எதுவும் உருகவில்லை.)

ஒரு மனிதனை அறிய வேண்டுமானால் அவன் தெருவின் கடைகளை—

(இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.)

அடுத்த தொடக்கம் உண்மையாக நடந்தது. அதனால் அதை வைத்துக்கொள்கிறேன்: என் பிடரியில் கத்தி இருந்தது.

2

அது சலூன்காரரின் கத்தி. குடிவந்த வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். நாற்காலி ஒன்று, கண்ணாடி ஒன்று, எதிரே நீளமான பெஞ்சு ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கும் முடி வெட்ட வேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவருக்கு முடியே இல்லை. ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு, புதிதாக வந்த என்னைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சலூன்காரர் என் தலையைக் குனியவைத்து, பிடரியில் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்:

“வீட்ல யார் யாரு தம்பி?”

“அம்மா, அக்கா, நான்.”

“அக்கா வீட்டுக்காரர் வெளிநாட்டுலயா?”

இல்லை என்று தலையாட்டியிருக்க வேண்டும். கத்தி இருக்கும்போது தலையாட்ட முடியாது. வாயைத் திறந்தாலும் பிடரி அசையும். சும்மா இருந்தேன்.

“அதானே பார்த்தேன்,” என்றார் அவர். பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. அவர்கள் பிடரியில் கத்தி இல்லை.

அப்படித்தான் மாமா பிறந்தார்.

3

(உண்மை நிலவரம் இது. அக்கா தன் கணவரை விட்டு வந்துவிட்டாள். பழைய தெருவில் எல்லாருக்கும் அவரைத் தெரியும் என்பதால் தெருவையும் விட்டோம். ஏன் வந்தாள் என்று ‘மொத்தத்தில்’ கேட்டார், கதைக்கு ஆழம் வரும் என்றார். அக்காவிடம் சொன்னேன். “அதை எழுதினா உன் போனை எங்க கொடுத்து ரிப்பேர் பண்ணுவன்னு யோசிச்சுக்கோ,” என்றாள். அக்கா செல்போன் பழுது பார்ப்பவள். என் போன் வாரம் ஒருமுறை கீழே விழும். ஆழம் இல்லாமலே தொடர்கிறேன்.)

4

மாமா விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இது எனக்குக் கொஞ்சம் பெருமை.

சலவைக்கடை அம்மா கேட்டார்: “உங்க மாமா எந்த நாட்டுல இருக்காரு?”

“எந்த நாடுன்னு சொல்ல முடியாதுங்க.”

“ஓ, கப்பலா,” என்றார் அவர். என் சட்டையை மடித்த கையில் திடீரென்று ஒரு மரியாதை வந்திருந்தது.

மளிகைக்கடைக்காரர் கேட்டார்: “அடிக்கடி வருவாரா?”

“இதுவரைக்கும் இந்த வீட்டுக்கு வந்ததில்ல.”

“கடல் வேலைன்னா அப்படித்தான். பாவம்.”

அதன்பிறகு மளிகை வீடு தேடி வந்தது. இணைய இணைப்புக்காரர் கேட்ட அன்றே ஏணியோடு வந்தார். தையல்காரர் அம்மாவின் ரவிக்கையைச் சொன்ன நாளில் கொடுத்தார். தையல்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். மாமா சலவைக்கடையில் இன்ஜினியராக இருந்தார், மளிகைக்கடைக்குப் போவதற்குள் கேப்டன் ஆனார். எழுத்தாளன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதிய கதாபாத்திரங்கள் எதுவும் இவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை. நான் எழுதாதது வளர்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“இருந்துட்டுப் போகட்டுமே. இந்த மாப்பிள்ளை முன்னவரைவிட எவ்வளவோ தேவலை. ஒரு சத்தம் இல்ல.”

5

(இந்த இடத்தில் அக்கா கதைக்குள் வந்தே ஆக வேண்டும். இதுவரை அவளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், நான் உட்பட.)

சலூனுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஷட்டர் போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. மருந்துக்கடைக்காரருக்குச் சொந்தம். காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டுவைத்திருந்தார். ஒரு மேசை, ஒரு விளக்கு, எதிரே ஒரு ஆள் நிற்க இடம். அக்காவுக்கு அது போதும். சாலையில் போகும்போதெல்லாம் அந்த ஷட்டரைப் பார்ப்பாள். வேறு கடைகளின் பின்மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் பெயருக்குப் பழுது பார்த்தவள் அவள். தனக்கென்று ஒரு ஷட்டரைத் தானே தூக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

போய்க் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் மிக அன்பாகப் பேசினார்.

“தாராளமாம்மா. உங்களுக்கில்லாததா. கேப்டன் லீவுல வரட்டும். அவர் வந்து ஒரு வார்த்தை பேசிட்டா சாவியைக் கொடுத்துடறேன்.”

“கடை நான்தான் சார் நடத்தப்போறேன்.”

“நீங்கதாம்மா நடத்தணும். அவர் பேசணும், அவ்வளவுதான்.”

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: “யாருடா அந்தக் கேப்டன்?”

6

கத்தியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இரண்டு முடிவுகளை அவள் முன் வைத்தேன். இங்கேயும் வைக்கிறேன்.

முதல் முடிவு: மாமாவைக் கடலில் கொன்றுவிடுவது. புயல், ஒரு தந்தி—

(யார் இப்போது தந்தி அடிக்கிறார்கள். ஒரு போன்.)

“கொன்னா?” என்றாள் அக்கா. “அப்புறம் இந்தத் தெரு பூரா வந்து எங்கிட்ட அழும். எனக்கு ஆறுதல் சொல்லும். என்ன கலர்ல டிரஸ் போடறேன்னு பாக்கும். என்னைக் கேக்காமலே எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சாச்சு. இப்ப என்னைக் கேக்காமலே தாலி அறுக்கவும் கிளம்பிட்டியா?”

இரண்டாவது முடிவு: ‘மொத்தத்தில்’ கட்டைக்குரல்காரர். மருந்துக்கடைக்குப் போன் போட்டு, அலைச்சத்தம் பின்னணியோடு ஒரு வார்த்தை பேசிவிடுவார். கேட்டேன், ஒப்புக்கொண்டார். “மொத்தத்தில், கேப்டன் கண்டிப்பானவரா, பாசக்காரரா?” என்றுகூடக் கேட்டுவிட்டார்.

“பேசி?” என்றாள் அக்கா. “நாளைக்கு ஷட்டர் ரிப்பேர்னா கேப்டன் பேசணும். கரண்ட் போனா கேப்டன் பேசணும். அந்த ஆளை விட்டு வந்தது இந்த ஆளுக்குக் கீழ வேலை பாக்கவாடா?”

“இல்லாத ஆள்தானே?”

“இல்லாத ஆளுக்கே இவ்வளவு அதிகாரமான்னுதான் கேக்கறேன்.”

இரண்டு முடிவுகளையும் கோடு போட்டு அடித்தேன். எழுதியவன் நான் என்றாலும்.

அக்கா மறுநாளே கடைப்பலகைக்குச் சொல்லிவிட்டாள். சாவி கிடைக்கவில்லையே என்று அம்மா கேட்டதற்கு, “பலகைக்குச் சாவி வேண்டாம்மா,” என்றாள்.

7

பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: ‘இங்கே செல்போன் பழுது பார்க்கப்படும்.’ கீழ் மூலையில் அழகான ஒரு நங்கூரம்.

“அது என்னது?” என்றாள் அக்கா.

“நம்ம சாருக்காகங்க,” என்றார் பலகை எழுதுபவர் வெட்கத்தோடு. “அதுக்குக் காசு வேண்டாம்.”

அக்கா அவருடைய தூரிகையையே வாங்கி நங்கூரத்தின்மேல் நீலம் பூசினாள். கொஞ்சம் தெரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை பூசினாள். பிறகு என்னிடம், “தூக்குடா,” என்றாள்.

(இங்கிருந்து நான் எழுத்தாளன் அல்ல. பலகை தூக்குபவன்.)

8

ஞாயிற்றுக்கிழமை காலை. சலூன் நிறைந்திருந்தது. நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு, மோவாயை மேலே தூக்கி, மருந்துக்கடைக்காரர். மார்பில் வெள்ளைத் துணி. தொண்டையில் கத்தி.

அக்கா உள்ளே நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முடியில்லாதவர் நகர்ந்து இடம்விட்டார். கையிலிருந்த செய்தித்தாளையும் ஏனோ அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாசலில் பலகையோடு நின்றேன்.

“அண்ணே, ஒரு விஷயம். இங்க சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி, அதான் வந்தேன்,” என்றாள். “எனக்கு வீட்டுக்காரர் கிடையாது. ஒருத்தர் இருந்தாரு. வேண்டாம்னு வந்துட்டேன்.”



“அப்ப கப்பல்?” என்றார் சலூன்காரர்.

“கப்பல் உங்களோடதுண்ணே. எங்க வீட்டுல ஒரு சைக்கிள்தான் இருக்கு.”

பெஞ்சில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். கண்ணாடியில் மருந்துக்கடைக்காரரின் கண்கள் மட்டும் அக்காவைத் தேடின.

அக்கா கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். “சார், கடையைப் பத்திப் பேச வேற யாரும் வர மாட்டாங்க. பேசவேண்டியதை நானே பேசிட்டேன். இன்னைக்குச் சாவி வாங்கிக்கலாமா?”

அவருடைய தலை அசையவில்லை. வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்.

அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு சலூன்காரரைப் பார்த்தாள்.

“ஏண்ணே, இந்த நாற்காலியில உட்கார்ந்து ஒருத்தர் பேசாம இருந்தா, அதுக்கு ஆமாம்னுதானே அர்த்தம்? என் தம்பிக்கு அப்படித்தானே வச்சீங்க?”

சலூன்காரர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கடைசியாகத் தன் கத்தியைப் பார்த்தார். சவரம் எப்போதோ முடிந்திருந்தது. அது எனக்கே தெரிந்தது.

“அசையாதீங்க சார்,” என்றார். கத்தியை எடுக்கவில்லை.

9

‘மொத்தத்தில்’ இதைப் படித்துவிட்டு, முடிவு இல்லையே என்றார். மருந்துக்கடைக்காரர் மனம் மாறி, கண் கலங்கி, சாவியை நீட்டி—

(மாட்டேன்.)

அல்லது அவர் துணியை உதறி எழுந்து, முடியாது என்று—

(அதுவும் மாட்டேன். அவருக்குச் சாதகமாக ஒரு வரிகூட எழுத மாட்டேன். இது நடுநிலையான கதை அல்ல.)

முடிவு வேண்டுமென்பவர்கள் கத்தியை எடுத்துப் பார்க்கலாம். அவர் தலை மேலும் கீழும் ஆடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்து, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். நெகிழ்ச்சி தேவைப்பட்டால் அதையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னால் நின்று பார்க்க முடியாது. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். ஷட்டருக்கு முன்னால் நின்று, பலகையை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் பிடிக்கச் சொல்கிறாள்.